இருபத்து நான்கு மாத விசுவாசம்

டோக்கன் எண் எண்பத்தேழு.
எனக்கு முன்னால் ஒரு பெரியவர்
உடைந்த ரிமோட்டைத் துணியில் பொதிந்து வைத்திருந்தார்,
அடிபட்ட புறாவைக் கொண்டுவந்தவர்போல.
போர்ட்டோவில் அன்று மூன்றாம் நாளாக மழை.
எல்லார் குடைகளும்
கடை வாசலில் ஒரே வாளிக்குள் ஒழுகின.

அன்செல்மோ என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு சொன்னான்:
"விசுவாசக் காலம் இருபத்து நான்கு மாதம், தோனா நாத்தேலா.
நீங்கள் முடித்திருப்பது பதினைந்து."

விசுவாசம்.
இங்கே கம்பிக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டபோது இரண்டு பேர் இருந்தோம்.
ஸாஸா பதினோராம் மாதமே கிளம்பிவிட்டான்,
லியோனில் டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு,
பிறகு வேலையிலிருந்து ஒருத்தி வீட்டுக்கு.
மீதி மாதங்களை அவனிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை.
தாளில் என் பெயர்தான் இருந்தது.

"ஊருக்கே திரும்புகிறேன். குத்தாயிசி. ஜார்ஜியா."
அங்கே தங்கள் சேவை உண்டா என்று தேடிப் பார்த்தான்.
நல்ல பையன்.
இல்லை என்று வந்ததும் அவனுக்கே முகம் வாடிவிட்டது.
"அப்படியென்றால் போய்விட்டதற்குச் சான்று வேண்டும்."
"இன்னும் போகவில்லையே."
"போனபின் அனுப்புங்கள்."
"போனபின் உங்கள் பெட்டியை யார் திருப்பித் தருவது?"
"நீங்கள்தான். நேரில்."
இருவரும் கொஞ்ச நேரம் குடை வாளியையே பார்த்தோம்.

பிறகு குரலைத் தாழ்த்தினான்.
"கடிதம் எழுதுங்கள். பதிவுத் தபால்.
தலைப்பில் இந்தச் சொல் இருந்தால்
யாரும் மறுக்க முடியாது."
டோக்கன் சீட்டின் பின்னால் எழுதித் தந்தான்:
தெனூன்சியா.

ஹோட்டலில், துணி தேய்க்கும் மேசையில்,
நூற்றுப்பன்னிரண்டாம் தலையணை உறைக்குப் பிறகு
அகராதியைத் திறந்தேன்.
முதல் பொருள், காட்டிக்கொடுத்தல்.
அடுத்தது, துப்புச் சொல்லுதல்.
ஒப்பந்தத்தை முடித்தல் நான்காவதாகத்தான் வருகிறது,
அதுவும் அடைப்புக்குறிக்குள்.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு
ஈர ஓவர்கோட்டின் நாற்றம்.
நான் பிறப்பதற்கு முன்னால்
எங்கள் கட்டடத்து இரண்டாம் மாடி பாவ்லே
பக்கத்து அறைக் கிளாரினெட்காரரைப் பற்றி
ஒரு தாள் எழுதினானாம்.
ஒரே ஒரு தாள். பின்பக்கம் வெறுமை.
அதன்பிறகு அந்தப் படிக்கட்டில் யாரும்
பேனா வைத்திருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

நான் எழுதினேன்:

மதிப்பிற்குரியவர்களே, நான் காட்டிக்கொடுப்பது
மூன்றாம் மாடி, இடப்பக்கம், ஒரு வெள்ளைப் பெட்டி.
பச்சை விளக்கு நான்கு, ஒன்று அவ்வப்போது சிவக்கும்.
லியோனில் ஒருவன் கடைசியாக எத்தனை மணிக்கு விழித்திருந்தான் என்பதை
இரவு இரண்டு மணிக்கு எனக்குக் காட்டியது.
நான் கேட்காமல் ஒருநாளும் காட்டியதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
மேல்வீட்டு தீனிஷுக்கு, வயது எட்டு,
என் அனுமதியில்லாமல் டைனோசர் காட்டியது.
கடவுச்சொல்லைக் கொடுத்தது ஸாஸா.
தெரிந்தும் மாற்றாதது நான்.

கிழித்தேன்.
மறுபடி எழுதினேன், மூன்றே வரி.
காரணம்: மற்றவை.

தபால் நிலையத்தில் ஸுல்மீரா என்கிற பெண்
நிமிர்ந்துகூடப் பார்க்காமல் முத்திரை குத்தினாள்.
பெட்டியை அன்செல்மோவிடம் கொடுத்தேன்.
ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்ததைப் பார்த்து
"இப்படி யாரும் தருவதில்லை" என்றான்.

அந்த ஒரு தாளுக்குப் பாவ்லேவுக்குக் கிடைத்தது
கிளாரினெட்காரரின் அறை, அடுப்போடு.
எனக்குக் கிடைத்தது ஒரு ரசீது,
அபராதத் தொகை நூற்று எட்டு யூரோ,
தவணையிலும் கட்டலாம்.

படிக்கட்டில் தீனிஷ் நின்றிருந்தான், கையில் டேப்லெட்.
திரையில் டைனோசர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டது,
பற்களின் மேல் அந்தச் சின்ன வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.
அது கடிக்குமா, கடிக்காதா?
அவனுக்கு இப்போதே தெரிந்தாக வேண்டும்.

கடிக்காது என்றேன்,
எந்தச் சான்றும் இல்லாமல்.